புள்ளி வைத்த நோட்டுப் புத்தகம்

அரையாண்டுத் தேர்வின் மதிப்பெண் அட்டை கைக்கு வரும் நாளில் நம் வகுப்பறையைக் கவனித்ததுண்டா, தோழியரே? "கேள்வித்தாள் கடினம்", "டீச்சர் வேகமாக நடத்திவிட்டார்", "வீட்டில் தம்பி படிக்க விடுவதில்லை" என்று காரணங்கள் வரிசையாக வந்து நிற்கும். அவற்றுள் சில மெய்யானவையே. ஆனால் எல்லாக் காரணங்களையும் சொல்லி முடித்த பின்னும், கணக்கில் வாங்கிய 28 மட்டும் 28 ஆகவே இருக்கிறது!

கணக்கில் இருமுறை தோற்ற ஒரு சிறுவனை இங்கே நினைத்துப் பார்ப்போம். இடிதாங்கியைக் கண்டுபிடித்தவர் என்று நாம் படித்த பெஞ்சமின் பிராங்கிளின்தான் அவர். 1706ஆம் ஆண்டு பாஸ்டன் நகரில், மெழுகுவர்த்தியும் சோப்பும் செய்து விற்றவரின் 17 பிள்ளைகளில் 15ஆவதாகப் பிறந்தார். பள்ளிக்குச் சென்றது ஏறத்தாழ இரண்டே ஆண்டுகள். 12ஆம் வயதில் அண்ணனின் அச்சகத்தில் தொழில் பழகச் சேர்ந்தார். கணக்குத் தெரியாமல் ஒருமுறை வெட்கப்பட நேர்ந்ததும், ஒரு கணக்குப் புத்தகத்தை எடுத்து, ஆசிரியர் துணையின்றித் தாமே முழுவதையும் கற்று முடித்தார்.

கட்டுரை எழுதப் பழகிய விதம் இன்னும் சுவையானது. 'ஸ்பெக்டேட்டர்' என்னும் இலண்டன் இதழில் வந்த ஒரு கட்டுரையைப் படித்து, வாக்கியந்தோறும் சிறு குறிப்பு எடுப்பார். சில நாள்கள் அதை மூடி வைப்பார். பிறகு குறிப்பை மட்டும் பார்த்துத் தம் சொற்களில் எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுத் தம் பிழைகளைத் தாமே திருத்துவார். சில சமயம் குறிப்புகளைக் கலைத்துப் போட்டு, மீண்டும் வரிசைப்படுத்திப் பார்ப்பார். இதற்கெல்லாம் நேரம்? வேலைக்கு முன், வேலைக்குப் பின், ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு வழிபாட்டுக்குப் போகாமல் படித்ததையும் அவரே ஒத்துக்கொள்கிறார். அதில் மட்டும் நாம் அவரைப் பின்பற்ற வேண்டாம்!

பின்னாளில் தம் குணங்களையே திருத்த முற்பட்டார். மிதமாக உண்ணல், மௌனம், ஒழுங்கு, சிக்கனம், உழைப்பு, தாழ்ச்சி என 13 நற்குணங்கள். நோட்டுப் புத்தகத்தில் சிவப்பு மையால் கோடிட்டு, நாளுக்கொரு கட்டம் அமைத்தார். தவறினால் அந்தக் கட்டத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. வாரம் ஒரு குணத்தில் தனிக் கவனம். 13 வாரங்களில் ஒரு சுற்று. ஆண்டுக்கு நான்கு சுற்று. நம் புனித லொயோலா இஞ்ஞாசியாரும், 1548இல் அச்சான தம் 'ஆன்மீகப் பயிற்சிகள்' நூலில், ஒரு குறையை எடுத்துக்கொண்டு நாள்தோறும் கோட்டின்மேல் புள்ளியிடும் ஆன்ம சோதனையைக் கற்றுத் தருகிறார் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

பிராங்கிளினுக்குக் கிடைத்த முதல் பரிசு அதிர்ச்சிதான். தாம் நினைத்ததைவிட அதிகக் குறைகள் தம்மிடம் இருப்பதைக் கண்டார். பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டித் தாளில் ஓட்டையே விழுந்ததாம்! பிறகு தந்தத் தகடுகளில் கோடிட்டு, பென்சிலால் புள்ளி வைத்து, ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டார். ஒழுங்கு என்னும் குணம் மட்டும் கடைசிவரை அவருக்கு வசப்படவில்லை. நீதி என்றும் ஒரு வரிசை இருந்தது. ஆயினும் அவர் வீட்டில் அடிமைகள் இருந்தார்கள். முதுமையில், 1787இல்தான், அடிமை ஒழிப்புச் சங்கம் ஒன்றின் தலைவரானார். கட்டம் போட்டவருக்கும் கண்ணில் படாதது உண்டு.

இவரோடு நிறுத்திக்கொள்ள எங்களுக்கு மனமில்லை. அதே வீட்டில் 1712இல் பிறந்த கடைசித் தங்கை ஜேன். அவளுக்கும் புத்தகம் என்றால் உயிர். ஆனால் 15ஆம் வயதில் மணம் முடித்து வைத்தார்கள். 12 குழந்தைகள், அவர்களில் 11 பேர் அவள் கண்முன்னே இறந்தனர். அண்ணனுக்கு வாழ்நாளெல்லாம் கடிதம் எழுதினாள். தன் எழுத்துப் பிழைகளுக்காக வருந்தினாள். அவளும் கையால் தைத்த ஒரு சிறு புத்தகம் வைத்திருந்தாள். அதில் இருந்தவை பிள்ளைகளின் பிறந்த நாள்களும் இறந்த நாள்களும். முயற்சியில் இவள் குறைந்தவளா? கட்டம் போட அவளுக்கு நேரம் யார் கொடுத்தார்கள்? நம் நாட்டில் பெண்ணின் திருமண வயதை 1978இல் சட்டம் 18 ஆக உயர்த்தியது. பெற்றோரே, இந்தப் பக்கத்தையும் வாசிப்பீர்கள் என்று நம்புகிறோம்.

எங்களுக்கோ பள்ளி இருக்கிறது, மாலை விளக்கு இருக்கிறது. ஆகவே எங்கள் வகுப்பில் ஆறு பேர் சேர்ந்து நோட்டுப் போட்டோம். பதின்மூன்று நமக்குத் தாங்காது என்று மூன்றே வரிசை: மௌனம், அன்றைய கணக்கை அன்றே போடுதல், காரணம் சொல்லாதிருத்தல். முதல் வாரம் மௌனத்தில் மட்டும் ஆறு பேருக்குமாக 71 புள்ளிகள்! மூன்றாம் வரிசையில் புள்ளி விழுந்தபோதெல்லாம் அது ஏன் விழுந்தது என்று நாங்கள் சொன்ன காரணங்களுக்கு இன்னொரு புள்ளி வைக்க வேண்டியதாயிற்று. இரண்டாம் வாரம் செவ்வாய்க்கிழமைக் கட்டத்தில், ரப்பர் தேய்த்தே ஓட்டை விழுந்துவிட்டது. தந்தத்துக்கு எங்கே போவது? ஆளுக்கொரு சிலேட்டு வாங்கியிருக்கிறோம்.