பழைய வெள்ளித் தாயத்து: மார்க்கச் சட்டம் என்ன?

நம் வீட்டுப் பெட்டிகளில் பாட்டிமார் காலத்து வெள்ளித் தாயத்துக்கள் இன்னும் கிடக்கின்றன. குழல் போலவும் சிறு பேழை போலவும் செய்து, உள்ளே இஸ்மு எழுதிய காகிதத்தை வைத்து, அரக்கால் அடைத்தவை அவை. வெள்ளி விலை ஏறினால் அவற்றைக் கடைக்கு எடுத்துச் செல்கிறோம்.

ஆரணி மக்களுக்கு வெள்ளியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பட்டு நூலின்மேல் வெள்ளி இழையைச் சுற்றிப் பொன்முலாம் பூசியதே அசல் சரிகை. பழஞ்சேலையை எரித்தால் பட்டு சாம்பலாகும், வெள்ளி மிஞ்சும். அதில் குற்றமில்லை. ஆனால் தாயத்தைத் திறவாமலே கொடுத்தால், உள்ளிருக்கும் இறைவசனமல்லவா கடைக்குப்பையில் விழும்? ஆகவே எழுத்தின் சட்டம் வேறு, வெள்ளியின் சட்டம் வேறு என்பதை அறிதல் அவசியம்.

எழுத்தின் சட்டம்: ஒளூவுடன் திறந்து பாருங்கள். குர்ஆன் வசனமோ அல்லாஹ்வின் திருநாமமோ இருப்பின், தூய துணியில் சுற்றி, கால்படாத இடத்தில் புதைப்பதே சிறந்தது என்பர் ஹனஃபி இமாம்கள். பொருள் விளங்காத குறிகளும் ஜின்களின் பெயர்களும் இருப்பின், அதை மீண்டும் அணிதல் கூடாது.

வசனம் எழுதி அணிவதில் ஸஹாபாக்களிடமே இரு கருத்துக்கள் இருந்தன. அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள் விவரமறிந்த பிள்ளைகளுக்குத் துஆவைக் கற்பித்தார்கள். சிறு குழந்தைகளுக்கு எழுதி அணிவித்தார்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களோ இதை வெறுத்தார்கள். அனுமதித்தவர்களும், காப்பவன் அல்லாஹ்வே என்ற உறுதியை நிபந்தனையாக்கினர்.

வெள்ளியின் சட்டம்: ஹனஃபி மத்ஹபில் நகையான வெள்ளிக்கும் ஜகாத் உண்டு. தாயத்தின் எடையையும் மற்ற வெள்ளியோடு சேர்த்துக் கணக்கிடுக. நிஸாப் 52½ தோலா, அதாவது சுமார் 612 கிராம். நாற்பதில் ஒரு பங்கு ஜகாத். ஷாஃபிஈ மத்ஹபில், அணிவதற்கு ஆகுமான பெண்களின் நகைக்கு ஜகாத் இல்லை.

பழைய தாயத்தைக் கொடுத்துப் புதுக் கொலுசு மாற்றுவோர் கவனிக்க: வெள்ளிக்கு வெள்ளி மாற்றினால் எடை சமமாகவும், கைக்குக் கையாகவும் இருக்க வேண்டும். கூடுதல் வட்டியாகும் என நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். எனவே பழையதை விற்றுப் பணத்தைக் கையில் வாங்குங்கள். பிறகு அப்பணத்தால் புதியதை வாங்குங்கள். கைபர் பேரீச்சம்பழ விஷயத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழியும் இதுவே.

தாய்மார்களே! கூடு விலைபோகலாம்; காவல் விலைபோகாது. ஆயத்துல் குர்ஸியையும், ஃபலக், நாஸ் சூராக்களையும் பிள்ளைகளின் நாவில் பதியச் செய்யுங்கள். அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக! ஆமீன்.