மழைக்காலத்தில் சிறிய ஆம்ப்ளிஃபையருக்கு அடாப்டர் தேர்வு
அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துக்கான ஆலோசனை: அக்டோபர் முதல் டிசம்பர் வரை

சிறிய ஆம்ப்ளிஃபையரின் அடாப்டருக்கு இரண்டு வேலைகள். 230 வோல்ட் ஏ.சி.யை 12 அல்லது 24 வோல்ட் டி.சி.யாக மாற்றுவது ஒன்று. அந்த 230 வோல்ட் கைபடும் பக்கம் வராமல் தடுப்பது மற்றொன்று. வடகிழக்குப் பருவமழையில் இரண்டாவதே உயிர் காப்பது. ஐயப்ப பஜனைக்கும் மார்கழி விடியல் பாட்டுக்கும் இந்த ஆம்ப்ளிஃபையர்கள் அதிகம் ஓடுவதும் இந்த மாதங்களில்தான். சுவரில் ஓதம் ஏறியிருக்கும். ஈரத் தரையில் வெறுங்காலுடன் நிற்பவருக்கு ஷாக் கடுமையாக இருக்கும்.

முதலில் முத்திரை

மின்னணுப் பொருட்களுக்கான கட்டாயப் பதிவு ஆணையின்கீழ் அடாப்டர்களும் வருகின்றன. அடாப்டரின் மேல் பி.ஐ.எஸ். முத்திரையும் 'ஆர்' எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் இட்டுப் பார்த்து, நிறுவனத்தின் பெயர் பொருந்தினால் மட்டுமே வாங்க வேண்டும். ரிச்சி தெருவில் எல்.இ.டி. பட்டைகளுக்கு விற்கும் தகரப் பெட்டி எஸ்.எம்.பி.எஸ்.ஸில் 230 வோல்ட் திருகுகள் வெளியே தெரியும். குழந்தைகள் உள்ள வீட்டில் அதைத் திறந்தபடி வைக்கவே கூடாது.

வோல்ட், ஆம்பியர்

வோல்ட் அளவு போர்டில் உள்ள சிப்பின் வரம்பை மீறக் கூடாது. பி.ஏ.எம். 8403 போர்டுக்கு 5 வோல்ட். டி.டி.ஏ. 7297 போர்டுக்கு 12 வோல்ட் பாதுகாப்பானது. அதன் உச்ச வரம்பு 18. டி.பி.ஏ. 3116 சிப் 26 வோல்ட் வரை தாங்கும். ஆனால் போர்டில் உள்ள கெப்பாசிட்டரில் 25 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால், 24 வோல்ட்டைவிட 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரே நல்லது.

ஆம்பியர் அளவு கூடுதலாக இருந்தால் கெடுதல் இல்லை. ஆம்ப்ளிஃபையர் தனக்கு வேண்டியதை மட்டுமே இழுக்கும். குறைவாக இருந்தால்தான் அடாப்டர் சூடேறும், ஒலி விட்டுவிட்டு வரும். 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டுக்கு 12 வோல்ட்டில் டி.பி.ஏ. 3116 போன்ற கிளாஸ் டி போர்டு மொத்தம் 18 வாட் அளவுக்குத் தரும். இழப்பையும் சேர்த்தால் 2 ஆம்பியரை நெருங்கும். எனவே 3 ஆம்பியர் அடாப்டர் வாங்குவது தகும். டி.டி.ஏ. 7297 போன்ற பழைய வகை சிப்பில் வெப்ப இழப்பு அதிகம் என்பதால் அதற்கும் 3 ஆம்பியருக்குக் குறையக் கூடாது.

பின்

வெளிவிட்டம் 5.5 மி.மீ. ஆக இருக்கும் பின்னிலேயே உள்துளை 2.1, 2.5 என இரு அளவுகள் உண்டு. அளவு மாறினால் ஒன்று பின் நுழையாது, அல்லது தளர்ந்து பொறி பறக்கும். பெரும்பாலும் நடுமுனை பிளஸ். இருந்தாலும் அடாப்டரிலும் ஆம்ப்ளிஃபையரிலும் உள்ள குறியை ஒப்பிட்டு, மல்டிமீட்டரில் ஒருமுறை பார்த்த பிறகே செருக வேண்டும்.

பெட்டியைத் தொட்டால் சுர்ரென்றால்

இரண்டு பின் அடாப்டருக்குள் இரைச்சலைக் குறைக்க, இரு பக்கங்களையும் இணைக்கும் சிறு கெப்பாசிட்டர் ஒன்று உண்டு. அதன் வழியே ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவான மின்கசிவு உலோகப் பெட்டிக்கு வரும். தரமான அடாப்டரில் இது ஆபத்தில்லை. மலிவுச் சரக்கில் அதற்கெனச் செய்யப்படாத சாதாரணக் கெப்பாசிட்டரைப் போட்டிருந்தால், அது ஷார்ட் ஆகும் நாளில் 230 வோல்ட் முழுதும் பெட்டியில் நிற்கும். எனவே முத்திரை இல்லாத அடாப்டர் சுர்ரென்றால் அன்றே தூக்கிப் போட வேண்டும். உலோகப் பெட்டிக்கு எர்த் உள்ள மூன்று பின் அடாப்டரே ஏற்றது. வீட்டு எர்த் வேலை செய்கிறதா என்பதையும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சரியாக விழுகிறதா என்பதையும் எலக்ட்ரீஷியனை வைத்து மழைக்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

மழை நாளில்

அடாப்டரும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் தரையில் கிடக்கக் கூடாது. வெள்ளம் ஏறாத உயரத்தில், காற்றோட்டமாக இருக்க வேண்டும். இடி தொடங்கும் முன்பும், விளக்கு திடீரெனப் பிரகாசமாகி மங்கும்போதும் பிளக்கைக் கழற்ற வேண்டும். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. விளக்கு அப்படி ஏறி இறங்குவது நியூட்ரல் விட்டுப்போனதன் அறிகுறியாக இருக்கலாம். மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்கு (94987 94987) உடனே சொல்ல வேண்டும்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. அத்தகைய நீரில் நனைந்த அடாப்டரை வெயிலில் உலர்த்தி மீண்டும் பயன்படுத்தக் கூடாது. உள்ளே படிந்த சேறும் உப்பும் மின்கசிவுக்கு வழியாகும். ஒயரை வெட்டி, மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுத்துவிட வேண்டும்.