சம்பாதிக்கிற ஊருக்கும் ஒரு பங்கு

சிங்காநல்லூர், கோயம்புத்தூர்.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. பூனாவில் உன் தாபோடிப் பட்டறையில் இரண்டாவது சிஎன்சி லேத்தும் ஓட ஆரம்பித்துவிட்டதாம். இந்த வருஷம் கையில் கொஞ்சம் மிச்சம் நிற்கிறதாம், நம்மூர் அம்மன் கோயில் கும்பாபிஷேகத்துக்குப் பெருந்தொகை எழுதப் போகிறாயாம். அக்கா போனில் சொன்னாள். சந்தோஷம்தான். கல்வெட்டில் பேர் வரும், அக்காவுக்கும் நாலு பேர் முன்னால் பெருமை. ஆனால் அந்தக் காசு நம்மூரில் விளைந்ததல்ல. முளா ஆற்றங்கரையில், பிம்ப்ரிக்கும் போசரிக்கும் ஜாப் வொர்க் செய்து சேர்ந்தது. அதில் தாபோடிக்கு என்ன பங்கு என்று மாமா கேட்டால் கோபித்துக்கொள்ளாதே.

‘பிழைக்க வந்த ஊர், நமக்கென்ன?’ என்று தோன்றுவது இயல்பு. டேவிட் சாசூனுக்குத் தோன்றவில்லை. பாக்தாத்தில் பிறந்த யூத வியாபாரி அவர். பம்பாய்க்கு வந்து கால் ஊன்றினார். 1864-இல் பூனாவில் காலமானார். அவர் குடும்பத்துப் பணத்தில் எழுந்த சாசூன் ஆஸ்பத்திரி 1867-இல் தயாரானது. அந்தக் குடும்பத்துச் சொத்தில் நல்ல பகுதி சீனாவுக்கு அபின் அனுப்பிச் சேர்த்தது. தர்மம் செய்தவர் என்பதற்காகப் பணம் வந்த வழியை மூடி மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் கையில் காசில்லாத பூனாக்காரர் இன்றைக்கும் ஓடுவது அந்த வாசலுக்குத்தான்.

இன்னொருவர் தக்டூசேட் ஹல்வாய். கர்நாடகப் பக்கமிருந்து பூனாவுக்கு வந்து மிட்டாய்க் கடை வைத்தவர். நோயில் மகனைப் பறிகொடுத்த பிறகு, அவரும் மனைவி லட்சுமிபாயும் 1890-களில் ஒரு பிள்ளையாரை வைத்தார்கள். அந்தப் பிள்ளையார்தான் இன்று மகாராஷ்டிரம் முழுக்கத் தெரிந்த தக்டூசேட் கணபதி. அவர் பேரில் நடக்கும் டிரஸ்ட் சாசூன் ஆஸ்பத்திரி நோயாளிகளுக்குச் சாப்பாடு போடுகிறது. பாக்தாத்துக்காரர் பணத்தில் வந்த கட்டடத்தில், கன்னடத்து மிட்டாய்க்காரர் பேரில் சோறு. இரண்டு பேருமே பூனாவுக்கு வெளியூர்க்காரர்கள்தான், உன்னைப் போல.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். தாபோடியில் லோக்கல் ரயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷன் காசர்வாடி. அங்கே நீராவிக் கருவிகள் செய்யும் ஃபோர்ப்ஸ் மார்ஷல் கம்பெனி சுற்றுவட்டார ஜனங்களுக்காக ஆஸ்பத்திரி நடத்துகிறது. அது ஒரு குடும்பக் கம்பெனி.

சட்டத்தைப் பற்றி உன் ஆடிட்டர் சொல்லியிருப்பார். 2013-ஆம் வருஷக் கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி, 500 கோடி நிகரச் சொத்தோ, 1,000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர லாபமோ இருக்கும் கம்பெனி தன் மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தொழில் நடக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரவேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. உன் பட்டறை இதில் எந்த அளவையும் எட்டாது. யாரும் நோட்டீஸ் அனுப்பப் போவதில்லை. அதனால்தான் மாமா அனுப்ப வேண்டியிருக்கிறது.

நம் கோயம்புத்தூரிலேயே பார். பீளமேட்டில் பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவின் பிள்ளைகள் நாலு பேர். 1926-இல் சொத்துப் பிரித்தபோது நாலாகப் பிரிக்கவில்லை, ஐந்தாகப் பிரித்தார்கள். தர்மத்தையும் கூடப்பிறந்தவனாகச் சேர்த்து ஒரு பங்கு. அந்த ஐந்தாம் பங்குதான் பிஎஸ்ஜி அறக்கட்டளை. பிறகு அதிலிருந்து தொழிற்சாலை, 1951-இல் என்ஜினீயரிங் காலேஜ், 1985-இல் மருத்துவக் கல்லூரி என்று வளர்ந்தது உனக்கே தெரியும். அந்தத் தொழிற்சாலையில் மோட்டாரும் பம்பும் செய்துகொண்டே பையன்களுக்கு வேலையும் பழக்கினார்கள். ஊரில் இத்தனை பம்பு பட்டறைகள் முளைத்ததில் அந்தப் பழக்கத்துக்குப் பங்குண்டு.

மாமாவுக்கு அதைவிடப் பிடித்தவர் ஒருவர் உண்டு. எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் சாந்தி கேன்டீனை நடத்தியவர். சாந்தி கியர்ஸ் என்ற கியர் கம்பெனியை ஆரம்பித்த சுப்பிரமணியம். 1996-இல் சாந்தி சோஷியல் சர்வீசஸ் தொடங்கினார். 2012-இல் கியர் கம்பெனியை முருகப்பா குழுமத்துக்கு விற்ற பிறகும் இந்த வேலையை விடவில்லை. 2020 டிசம்பரில் காலமானார். கேன்டீனுக்கு மத்தியானம் போனால் வரிசை வாசல் வரைக்கும் நிற்கும். சித்தாள் வேலைக்குப் போகிறவரும் காரில் வந்து இறங்கியவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருப்பார்கள். இலவசமில்லை, விலைதான் குறைவு. காசு கொடுத்துச் சாப்பிடுவதால் யாரும் தலை குனிய வேண்டியதில்லை. வழியில்லாதவர்களுக்குத் தனியாக இலவசச் சாப்பாடும் உண்டு. பக்கத்திலேயே மருந்துக்கடை, பரிசோதனைக்கூடம், டயாலிசிஸ். பெட்ரோல் விலை ஏறினால் அவர்கள் பங்கில் பழைய இருப்பைப் பழைய விலைக்கே ஊற்றுவார்கள்.

இதில் மாமா கவனித்தது வேறு. அவர் கியர் கம்பெனி நடத்திய கண்டிப்பிலேயே கேன்டீனையும் நடத்தினார். தரையில் ஒரு பருக்கை கிடக்காது. தர்மச் சாப்பாடுதானே என்று அரிசியில் கை வைக்கவில்லை. விளம்பரம் என்றால் ஒதுங்கிப் போனார். ரிப்பன் வெட்டி, போட்டோ எடுத்து, மறுவாரம் மறந்துபோகும் தர்மங்களைத்தான் நாம் அதிகம் பார்க்கிறோம். வருஷக்கணக்கில் ஒரே வேலையைச் செய்வது பணத்தைவிடப் பொறுமை கேட்கும் காரியம்.

நீ என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். தர்மம் பட்டறைக்குள்தான் ஆரம்பிக்கிறது. பீகாரிலிருந்து வந்த பையனுக்கும் பிஎஃப், இஎஸ்ஐ சரியாகக் கட்டு. உனக்குப் பிளேட்டிங்கும் ஹீட் ட்ரீட்மென்ட்டும் செய்து தருகிற சிறிய பட்டறைக்காரர்களின் பில்லை இழுத்தடிக்காதே. சட்டப்படி எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள். தாமதித்து அடுத்த வருஷத்துக்குத் தள்ளினால் அந்தச் செலவை அந்த வருஷக் கணக்கில் கழிக்க வருமான வரிச் சட்டம் விடாது. அவர்களுக்குத் தர வேண்டியதை நிறுத்தி வைத்துக்கொண்டு கோபுரத்துக்குப் பெயின்ட் அடித்தால் அம்மனுக்கே பொறுக்காது.

அடுத்தது அப்ரெண்டிஸ். முப்பது பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடத்தில்தான் இது கட்டாயம். 4 முதல் 29 பேர் வரை உள்ள உன்னைப் போன்றவர்களுக்கு விருப்பம். உதவித்தொகையில் ஒரு பகுதியை மத்திய அரசே ஏற்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஔந்தில் அரசு ஐடிஐ இருக்கிறது, பிம்ப்ரி மோர்வாடியில் மாநகராட்சி ஐடிஐ. அங்கே படிக்கிற தாபோடிப் பிள்ளைகள் எத்தனை பேர் ஒரு சிஎன்சி மெஷினைத் தொட்டிருப்பார்கள்? மைக்ரோமீட்டர் பிடித்து மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைப் பார்க்கச் சொல்லிக்கொடு. ஆரம்பத்தில் இரண்டு துண்டு ஸ்கிராப் ஆகும். ஆகட்டும், அதைத் தர்மக் கணக்கில் எழுதிக்கொள்.

பிள்ளையார் சதுர்த்தி வந்தால் பிள்ளையார் வைக்கும் மண்டல்காரர்கள் வர்கணி என்று நன்கொடை கேட்டு வருவார்கள். சந்தோஷமாகக் கொடு, ரசீது வாங்கு. வசூலுக்கு அறநிலைய ஆணையரின் அனுமதி இருக்கிறதா என்று மரியாதையாகக் கேட்டுக்கொள். ரசீதைக் காட்டி வரிச்சலுகை கேட்கலாம் என்று நினைத்தால் ஒன்று: 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் நன்கொடைக் கழிவு கிடையாது, தனிநபர் புதிய வரிமுறையில் இருந்தால் எதற்குமே கிடையாது. தர்மத்துக்கு வரிக்கணக்கு பார்க்காதே.

மழைக்காலத்தையும் மறந்துவிடாதே. பவனா ஆறு முளாவோடு சேருவது தாபோடி பக்கத்தில். 2024 ஜூலை 25 அன்று பூனா வெள்ளத்தில் பட்ட பாட்டை டிவியில் பார்த்தோம். அணை திறக்கிற நாளில் ஆற்றோரத்து வீட்டுக்காரர்களுக்கு உன் லோடு ஆட்டோவும் ஜெனரேட்டரும் பணத்தைவிடப் பெரிது. பக்கத்துப் பட்டறைக்காரர்களோடு இப்போதே பேசி வை. இங்கே தொழிலதிபர்கள் சேர்ந்து 2003-இல் சிறுதுளி என்ற அமைப்பைத் தொடங்கித்தான் குளங்களைத் தூர்வாரினார்கள். தனியாக யாராலும் முடிந்திருக்காது.

கும்பாபிஷேகத்துக்கு வேண்டாம் என்று மாமா சொல்லவில்லை. எடுத்து வைத்ததை ஐந்தாகப் பிரி. நாலு பங்கு நம்மூருக்கு வரட்டும், ஒன்று தாபோடியில் நிற்கட்டும். அக்கா வருத்தப்பட்டால் மாமா பேசிக்கொள்கிறேன். வரும் வாரமே ஔந்த் ஐடிஐ-க்கு ஒரு நடை போய், டர்னர் பிரிவில் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்து எழுது.

அன்புடன்,
உன் மாமா