கைகள் இயக்கும் இதயம்

பேருந்து நிலையத்தில் ஒருவர் திடீரென நிலைகுலைந்து விழுகிறார். தோளைத் தட்டி அழைத்தாலும் அசைவில்லை. நொடியில் கூட்டம் கூடுகிறது. ஒருவர் முகத்தில் நீர் தெளிக்கிறார். இன்னொருவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிறார். “யாராவது ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள்” என்கிறது ஒரு குரல். அந்த ‘யாராவது’ பெரும்பாலும் ஒருவருமே இல்லை.

மாரடைப்பும் இதயம் நின்றுபோதலும் ஒன்றெனப் பலர் கருதுகின்றனர். மாரடைப்பில் இதயத் தசைக்குச் செல்லும் குருதி தடைப்படுகிறது. நோயாளர் பெரும்பாலும் நினைவோடு இருந்து வலியைச் சொல்வார். இதயம் நின்றுவிட்டாலோ உடலெங்கும் குருதியோட்டம் நிற்கிறது. சில நொடிகளில் நினைவு தப்புகிறது. சில நிமிடங்களில் மூளை செல்கள் அழியத் தொடங்குகின்றன. முன்னது பின்னதில் சென்று முடிவதும் உண்டு.

நின்ற இதயத்தை இயக்க, மார்பைப் பிளந்து இதயத்தைக் கையால் பிசைந்த காலம் ஒன்று இருந்தது. அது அறுவை அரங்கில் மட்டுமே இயலும். 1958ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வகத்தில், நாயின் மார்பில் மின்முனைகளை அழுத்தி வைத்தபோது, மின்சாரம் பாயுமுன்னரே அதன் குருதியழுத்தம் சற்று உயர்வதை நிக்கர்பாக்கர் என்னும் பொறியியல் ஆய்வு மாணவர் கண்டார். பிறர் பொருட்படுத்தாது விட்டிருக்கக்கூடிய சிறு அசைவு அது. அவரும் கௌவன்ஹோவன் என்னும் மின்பொறியாளரும் ஜூட் என்னும் அறுவை மருத்துவரும் அதனை ஆராய்ந்து, மார்பைத் திறவாமலே குருதியை ஓட்டும் முறையை 1960இல் வெளியிட்டனர். சி.பி.ஆர். என இன்று வழங்கும் மீட்பு முறையின் அடிப்படை அதுவே.

வாயோடு வாய் வைத்து மூச்சூத வேண்டுமே என்னும் தயக்கத்தால் பலர் ஒதுங்கி நின்றனர். திடீரென விழுந்த பெரியவரின் குருதியில் சில நிமிடங்களுக்கு வேண்டிய உயிர்வளி எஞ்சியிருக்கும்; அதனை மூளைக்குக் கொண்டுசெல்வதே முதல் தேவை. எனவே, பயிற்சி பெறாதவர் கைகளால் அழுத்தினாலே போதும் என 2008இல் அமெரிக்க இதயச் சங்கம் அறிவித்தது. நீரில் மூழ்கியவர்க்கும் குழந்தைகளுக்கும் உயிர்வளியே குறைந்திருக்கும். அவர்களுக்கு மூச்சும் ஊத வேண்டும்.

விழுந்தவர் விழிக்கவில்லை, இயல்பாக மூச்சுவிடவில்லை எனில், ஒருவரைச் சுட்டிக்காட்டி 108ஐ அழைக்கச் சொல்லுங்கள். இடையிடையே எழும் விக்கல் போன்ற திணறலை மூச்சென எண்ணி ஏமாறாதீர்கள். அவரை உறுதியான தரையில் மல்லாத்துங்கள். மார்பெலும்பின் கீழ்ப்பாதியில், மார்பின் நடுவே, ஓர் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் மறுகையைக் கோத்து, முழங்கையை மடக்காமல் உடல் எடையால் அழுத்துங்கள். ஆழம் 5 செ.மீ.க்குக் குறையாமலும் 6 செ.மீ.யைத் தாண்டாமலும், வேகம் நிமிடத்திற்கு 100 முதல் 120 வரையும் இருத்தல் வேண்டும்.

அழுத்துவதைப் போலவே விடுவதும் முதன்மையானது. அழுத்தும்போது குருதி வெளியேறுகிறது. மார்பு முழுமையாக மேலெழும்போதுதான் இதயம் மீண்டும் நிரம்புகிறது. திரைப்படங்களில் நான்கு முறை மார்பில் குத்தியதும் நாயகன் கண் விழிப்பான். உண்மையில் ஆம்புலன்ஸ் வரும்வரை இடைவிடாது அழுத்த நேரிடும். விலாவெலும்பு முறியவும் கூடும், அது ஆறும். அழுத்துபவர் விரைவில் களைத்துவிடுவார். ஆகவே இரண்டு நிமிடங்களுக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். அப்போதுதான் வேடிக்கை பார்க்கும் கூட்டத்திற்கும் வேலை வருகிறது.