பாக்கெட்டுக்குள் பூச்சி: இழப்பீடு வாங்குவது எப்படி?

2024 ஜூனில் மும்பை மலாடு பகுதியில் ஒரு மருத்துவர் சாப்பிட்ட கோன் ஐஸ்கிரீமில் மனித விரல் துண்டு தட்டுப்பட்டது. அவர் அதைத் தூக்கி எறியவில்லை. ஐஸில் வைத்துக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தார். அதனால்தான் டிஎன்ஏ பரிசோதனை செய்ய முடிந்தது. ஐஸ்கிரீம் ஆலையில் விரலில் காயம்பட்ட தொழிலாளியின் டிஎன்ஏவோடு அது பொருந்தியது.

பெரும்பாலான வீடுகளில் நடப்பது வேறு. பிஸ்கட்டில் கம்பித் துண்டு, மசாலாத் தூளில் புழு என்று கண்டதுமே அருவருப்பில் பாக்கெட்டோடு குப்பைக்குப் போய்விடுகிறது. அல்லது கடைக்காரரிடம் கொடுத்து வேறு பாக்கெட் வாங்கிக்கொள்கிறார்கள். இழப்பீடு கேட்பதற்கான சாட்சியம் அந்த நிமிடமே கைவிட்டுப் போகிறது.

1. முதல் ஒரு மணி நேரம்

கிடைத்த பொருளைக் கழுவக் கூடாது, உணவிலிருந்து பிரித்தெடுக்கவும் கூடாது. அப்படியே பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படமும் வீடியோவும் எடுக்க வேண்டும். பிறகு காற்றுப்புகாத டப்பாவில் போட்டு மூடி, கெட்டுப்போகும் உணவானால் ஃப்ரீசரில் வைக்க வேண்டும். உறையை மடங்காமல் எடுத்து வைப்பது முக்கியம். பேட்ச் எண்ணும் தேதியும் பெரும்பாலும் ஒட்டிய ஓரத்தில்தான் அச்சாகியிருக்கும். ஈரக் கை பட்டால் அழிந்துவிடக்கூடும். உறையிலுள்ள 14 இலக்க உணவு உரிம எண்ணும் பில்லும் படத்தில் தெளிவாக விழ வேண்டும்.

அதே கடையில் அதே பேட்ச் எண்ணுள்ள இன்னொரு பாக்கெட் கிடைத்தால் பில்லோடு வாங்கி, பிரிக்காமல் வைத்திருப்பது நல்லது. ‘பிரித்த பிறகு விழுந்திருக்கலாம்’ என்ற வாதத்தை எதிர்கொள்ள அது கைகொடுக்கலாம்.

2. சாப்பிட்டிருந்தால்

உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். எதைச் சாப்பிட்டதால் வந்த உபாதை என்பதைச் சீட்டில் எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும். மருந்து பில், பரிசோதனை அறிக்கை, சம்பளம் பிடித்ததற்கான ஆதாரம் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும்.

3. உணவுப் பாதுகாப்புத் துறை

தமிழ்நாட்டில் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்குப் படங்களோடு புகார் அனுப்பலாம். உணவில் அந்நியப் பொருள் இருந்தது உறுதியானால், 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 54-வது பிரிவின்படி 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அந்தப் பணம் அரசுக்குத்தான் போகும். உடலுக்குத் தீங்கு நேர்ந்திருந்தால் மட்டுமே 65-வது பிரிவின்படி பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு உண்டு. ஆகவே இழப்பீட்டுக்குத் தனிப் பாதை தேவை.

4. நிறுவனத்துக்கு நோட்டீஸ்

நடந்ததையும் கேட்கும் தொகையையும் எழுதி, 15 நாள் கெடு வைத்து, ஸ்பீட் போஸ்டிலும் மின்னஞ்சலிலும் அனுப்பலாம். ‘சாம்பிளைக் கொடுங்கள், ஆய்வு செய்கிறோம்’ என்று நிறுவனத்தின் ஆள் வீடு தேடி வரலாம். இருப்பது ஒன்றே ஒன்று என்றால் கொடுக்கவே கூடாது. பரிசுப் பெட்டியோடு நீட்டப்படும் காகிதத்தில் ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற வரி இருக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

வழக்குக்கு முன் பேசித் தீர்த்துக்கொள்ள விரும்பினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

5. நுகர்வோர் ஆணையம்

மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில், சம்பவம் நடந்த 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பாதிக்கப்பட்டவர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குத் தொடரலாம். இ-ஜாக்ரிதி தளத்தில் இணையவழியாகவும் மனு செய்யலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்தைத் தாண்டாதவரை கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை.

வாங்கியவர் ஒருவர், சாப்பிட்டவர் வேறொருவர் என்றாலும் தடையில்லை. 1928-இல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் தோழி வாங்கித் தந்த இஞ்சி பானத்தில் நத்தை கிடந்ததாக ஒரு பெண் வழக்குத் தொடுத்தார். காசு கொடுக்காத நுகர்வோரிடமும் தயாரிப்பாளருக்குப் பொறுப்பு உண்டு என்று 1932-இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. இந்தியச் சட்டமும் வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துபவரை நுகர்வோராகவே ஏற்கிறது.

மனுவிலேயே ஆய்வகப் பரிசோதனை கோர வேண்டும். ஆணையம் மாதிரிக்கு முத்திரையிட்டு அனுப்பும். அறிக்கை 45 நாளில் வர வேண்டும். ஆய்வுக்கான செலவை மனுதாரர் கட்ட நேரிடலாம். மருத்துவச் செலவு, இழந்த கூலி, மன உளைச்சல், வழக்குச் செலவு எனத் தொகையைத் தனித்தனியாகப் பிரித்துக் கேட்பதே சரி. ஆதாரமில்லாமல் கோடிகளில் கேட்டால் மனுவின் நம்பகத்தன்மைதான் குறையும்.

6. தீர்ப்புக்குப் பின்

இரு தரப்பும் 45 நாளுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். நிறுவனம் மேல்முறையீடு செய்தால் தீர்ப்புத் தொகையில் பாதியை முன்கூட்டியே கட்ட வேண்டும். மேல்முறையீடும் இல்லை, பணமும் வரவில்லை என்றால் அதே மாவட்ட ஆணையத்தில் நிறைவேற்று மனு போட வேண்டும். உத்தரவை மதிக்காதவர்களுக்கு 1 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையோ, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 72-வது பிரிவு இடம் தருகிறது.