அகிம்சை அணுவிரதமும் வளர்ப்புயிர்ப் பொறுப்பும்

கொல்லாமையைக் குலதர்மமாகக் கொண்ட நம் இல்லங்களில், 'நாங்கள் எவ்வுயிரையும் கொல்வதில்லை' என்று கூறுதல் எளிது. ஆயின், சாவகர் ஏற்கும் அகிம்சை அணுவிரதம் அக்கூற்றோடு நிறைவடைவதில்லை. உமாசுவாமி ஆசாரியார் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் அவ்விரதத்திற்கு ஐந்து அதிசாரங்களை உரைத்துள்ளார். அவை, கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகைச்சுமை ஏற்றல், ஊணும் நீரும் தடுத்தல் என்பனவாம். இவை உயிரைக் கொல்லாமலே விரதத்தை மாசுபடுத்துவன. வேட்டுவனைவிட, உயிர்களைத் தன்பால் வைத்து வளர்ப்பவனுக்கே இவை மிகவும் பொருந்தும்.

பண்டு ஏர்மாடும் வண்டிமாடும் வளர்த்தோர்க்கு இவ்வறிவுரை பயன்பட்டது. இன்று பூவிருந்தவல்லியை அடுத்த குத்தம்பாக்கம் போன்ற ஊர்களில் வயல் குறைந்து வீட்டுமனை பெருகிவிட்டது. தொழுவம் இருந்த இடத்தில் நாய்க்கூண்டு காணப்படுகிறது. நாய், பூனை வளர்க்கலாமா என்பதில் நம்முள் கருத்து வேறுபாடு உண்டு. எனினும், வளர்க்கத் தொடங்கியபின் பொறுப்பு நம்முடையதே.

மாநிலங்களவை உறுப்பினராயிருந்த ருக்மிணி தேவி அருண்டேல் அவர்களின் முயற்சியைத் தொடர்ந்து, 1960இல் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் 11ஆம் பிரிவை ஐந்து அதிசாரங்களோடு ஒப்பிட்டால் வியப்பு உண்டாகும். குறுகிய சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைத்தல், அடித்தல், உறுப்புச் சிதைத்தல், அளவுக்கு மீறிச் சுமையேற்றல், உணவும் நீரும் உறைவிடமும் அளிக்காமை ஆகிய அனைத்தும் அங்கே குற்றங்களாம். தக்க காரணமின்றிக் கைவிடுதலும் குற்றமே.

கைவிடுதலைச் சற்று ஆராய்வோம். வீடு மாறும்போதோ, நாய் நோயுற்றபோதோ, 'ஊர்ப்புறத்தில் விட்டால் பிழைத்துக்கொள்ளும்' என்று எண்ணுவோர் உளர். கையால் உண்டு பழகிய உயிருக்கு அது ஊணும் நீரும் தடுத்தலேயாம். 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், இரயில் நிலையம் முதலிய இடங்களிலுள்ள தெருநாய்களை அகற்றிக் காப்பகங்களில் சேர்க்குமாறு உத்தரவிட்டது. நாம் பேருந்து நிலையத்தருகே விட்டுவரும் நாயின் கதி யாதாகும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

'கருத்தடை அறுவை, உறுப்பறுத்தல் என்னும் அதிசாரம் அன்றோ?' என்று நம்மவர் வினவுவர். நியாயமான வினாவே. பிரமாதத்தோடு கூடிய செயலால் உயிர்ப்பிராணனைப் போக்குதலே இம்சை என்பது அதே சூத்திர நூலின் இலக்கணம். சென்னை மாநகராட்சி முன்னர்த் தெருநாய்களை மின்சாரம் பாய்ச்சிக் கொன்று வந்தது. புளூ கிராஸ் அமைப்பு 1964 முதல் வலியுறுத்திய கருத்தடை முறையை 1996இல் அது ஏற்றது. மயக்க மருந்தளித்து, தேர்ந்த மருத்துவர் கருணையோடு செய்யும் அறுவை, பிறந்த குட்டிகள் தெருவில் மடிவதையும், பின்னர்க் கொல்லப்படுவதையும் தவிர்க்கிறது. ஆதலின், அதனைச் சினத்தாலோ இலாபத்தாலோ செய்யும் உறுப்பறுத்தலோடு ஒப்பிடுதல் பொருந்தாது என்பது எம் கருத்து.

2023ஆம் ஆண்டின் விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், வளர்ப்பு உயிரின் தடுப்பூசி, குடற்புழு நீக்கம், கருத்தடை ஆகியவற்றை உரிமையாளரின் கடமையாகவும், தெருநாய்களைப் பொறுத்தவரை உள்ளாட்சியின் கடமையாகவும் வகுத்துள்ளன. தெருநாய்க்கு உணவளிக்கும் இடம், சிறுவர் விளையாடுமிடத்திற்கும் வீட்டு வாயிலுக்கும் விலகியிருக்க வேண்டும். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் வளர்ப்பு நாய்க்கு உரிமம் தேவை. பிற ஊரினர் தத்தம் உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டறிதல் நலம்.

வெறிநோய்த் தடுப்பூசியைக் குட்டிக்கு மூன்று மாதத்தில் தொடங்கி, மருத்துவர் கூறும் காலத்தில் மீண்டும் போடவேண்டும். நாய் கடித்துவிட்டால், புண்ணைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நோய்க்குறி தோன்றியபின் பிழைப்பது அரிது. தன் நாய்க்கு ஊசி போடாதவன் அண்டை வீட்டுக் குழந்தையின் உயிரையும் பணயம் வைக்கிறான், அதுவும் பிரமாதமே.

1960ஆம் ஆண்டுச் சட்டம் முதற் குற்றத்திற்கு விதித்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரையே. அதற்கு அஞ்சுவார் எவர்? சாவகன் அஞ்ச வேண்டியது வினைப்பயனுக்கே.

சிந்தனைக்கு:

1. நம் வீட்டு நாயின் சங்கிலி எத்தனை முழம்? நாளில் எத்தனை நாழிகை அது அவிழ்க்கப்படுகிறது?

2. நாம் வெளியூர் சென்றால் அதற்கு உணவும் நீரும் அளிப்பவர் யார்?

3. அதன் ஆயுள் முழுதும் காக்க இயலாதெனில், அதனை வாங்குவது தகுமா?

இவ்வினாக்களைக் குடும்பத்தோடு அமர்ந்து ஆராய்க. அறம் வளர்க.