வழிபடுவோர் வழி மறிக்கலாமா?

மூர்த்தி, தலம், தீர்த்தம் ஆகிய மூன்றையும் சிறப்பித்துப் பேசுவது நம் மரபு. இம்மூன்றையும் சென்று அடைவதற்கு நான்காவதாக ஒன்று வேண்டும். அதுவே வழி. வழிபாடு என்னும் சொல்லுக்குள்ளேயே வழி அடங்கியிருக்கிறது. ஒரு நெறியைப் பின்பற்றி ஒழுகுவதே வழிபடுதல். அவ்வாறிருக்க, வழிபட வருகின்ற நாமே மற்றவர் செல்லும் வழியை மறிப்பது பொருந்துமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

வெள்ளிக்கிழமை மாலை, பிரதோஷம், திருவிழா நாள்கள் ஆகியவற்றில் ஆலயத்தின் வாகன நிறுத்துமிடம் விரைவில் நிரம்பிவிடும். பூசை நேரமோ நெருங்கிக்கொண்டிருக்கும். அப்பொழுது சாலையோரத்திலும் நடைபாதை மீதும் சைக்கிளோட்டப் பாதையை அடைத்தவாறும் கார்கள் நிற்பதைக் காண்கிறோம். "ஓர் அர்ச்சனை, பத்தே நிமிடம்" என்பதே பெரும்பாலும் சொல்லப்படும் காரணம். இது நம் சமயத்தவருக்கு மட்டும் உரிய பழக்கமன்று. வார வழிபாடு எங்கெங்கு நடக்கிறதோ, அங்கெல்லாம் இச்சிக்கல் உண்டு.

பத்து நிமிடத்தில் நடப்பது என்ன?

சைக்கிளோட்டப் பாதையில் ஒரு கார் நின்றால், அவ்வழியே வரும் சைக்கிளோட்டி நின்றுவிடுவதில்லை. அவர் காரைச் சுற்றிக்கொண்டு செல்ல முயல்கிறார். சாலையோரம் கோடிட்டு ஒதுக்கப்பட்ட பாதையாயின், அவர் கார்களும் பேருந்துகளும் விரையும் தடத்திற்குள் நுழைய வேண்டும். அதற்கு அவர் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்து, கையால் சைகை காட்டி, வேகத்தையும் கணிக்க வேண்டும். அனுபவம் உள்ளவருக்கே இது கடினமான செயல். பள்ளி செல்லும் சிறுவனுக்கோ, பின்னிருக்கையில் குழந்தையை ஏற்றிவரும் தாய்க்கோ இது எத்துணை ஆபத்தானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பின்னால் வரும் வாகனமோட்டிக்கும் அவர் திடீரென்றுதான் கண்ணில் படுகிறார்.

இரண்டாவது ஆபத்து, கார்க் கதவு. நின்றிருக்கும் காரின் கதவு எதிர்பாராமல் திறக்கும்போது, அருகில் வரும் சைக்கிளோட்டி அதன்மீது மோதி விழக்கூடும். கதவில் இடிபடாமல் விலகினாலோ, அவர் போய் விழுவது வாகனங்கள் வரும் தடத்தில். ஆகவே "பத்தே நிமிடம்" என்பது கார் நிற்கும் கணக்கு. அந்தப் பத்து நிமிடத்தில் எத்தனை பேர் அவ்விடத்தைக் கடந்தார்கள் என்பதே ஆபத்தின் கணக்கு.

ஓர் அயல்நாட்டு நகரம் கற்ற பாடம்

இச்சிக்கல் ஊரறிய விவாதிக்கப்பட்ட ஒரு நகரம் அமெரிக்காவின் பிலடெல்ஃபியா. அந்நகரின் நடுப்பகுதியில் ஸ்புரூஸ், பைன் என்னும் இரு தெருக்கள் அடுத்தடுத்து ஓடுகின்றன. நெருக்கமான பழைய வீடுகளுக்கு இடையே தேவாலயங்களும் யூதர்களின் வழிபாட்டு இல்லங்களும் அமைந்துள்ள பகுதி அது. 2009-ஆம் ஆண்டில் அவ்விரு தெருக்களிலும் சைக்கிளோட்டப் பாதைகள் கோடிட்டு ஒதுக்கப்பட்டன. அதே வேளையில், வார இறுதி வழிபாட்டு நேரங்களில் வழிபட வருவோர் அப்பாதைகளில் கார்களை நிறுத்திக்கொள்ள அனுமதிச் சீட்டுகள் வழங்கப்பட்டன.

பார்வைக்கு இது நியாயமான ஏற்பாடாகவே தோன்றும். வாரத்தில் சில மணி நேரம்தானே என்று எவரும் எண்ணுவர். ஆயினும் அதில் ஒரு மறைவான விளைவு இருந்தது. கார் ஏறி நிற்க வேண்டிய இடத்தில் கான்கிரீட் தடுப்பு எழுப்ப இயலாது. தடுப்பு இல்லாவிடில் அப்பாதைக்குக் காவல் வெறும் வண்ணக்கோடு மட்டுமே. வார இறுதியில் சிலருக்குக் கிடைத்த வசதிக்காக, வாரத்தின் ஏழு நாளும் அப்பாதையில் செல்வோர் கோட்டை நம்பியே செல்ல வேண்டியதாயிற்று.

2024 ஜூலை 17-ஆம் நாள் மாலை, ஸ்புரூஸ் தெருவின் சைக்கிளோட்டப் பாதையில் சென்றுகொண்டிருந்த முப்பது வயதுப் பெண் மருத்துவர் ஒருவர், அதிவேகமாக வந்து பாதைக்குள் புகுந்த கார் மோதி உயிரிழந்தார். அந்த விபத்துக்கும் வழிபாட்டுக்காக நிறுத்தப்படும் கார்களுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. அதனை இங்கே தெளிவாகச் சொல்ல வேண்டும். ஆயினும் அத்துயரத்திற்குப் பின் மக்கள் எழுப்பிய கேள்வி, "இப்பாதைக்கு ஏன் தடுப்பு இல்லை?" என்பது. அக்கேள்வி நேரே வழிபாட்டு இல்லங்களின் வாசலுக்கும் வந்து நின்றது. அவ்வாண்டு அக்டோபரில் நகர மன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்ற, டிசம்பரில் மேயர் செரெல் பார்க்கர் அதில் கையெழுத்திட்டார். சைக்கிளோட்டப் பாதையில் காரை நிறுத்திவிட்டுச் செல்வது மட்டுமன்றி, சற்று நேரம் நிறுத்தி வைப்பதும் குற்றமாயிற்று. அபராதமும் உயர்ந்தது. நகர நடுப்பகுதியில் அது 125 டாலர்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. அங்கு வழிபட வந்தோர் சட்டத்தை மீறியவர்கள் அல்லர். அவர்களிடம் அனுமதிச் சீட்டு இருந்தது. ஆனால் அச்சீட்டு, அவர்கள் அபராதத்திலிருந்து தப்ப உதவியதே அன்றி, பாதையில் வந்தவரை ஆபத்திலிருந்து காக்க உதவவில்லை. அனுமதி வேறு, அறம் வேறு. அனுமதியுடன் நிறுத்திய காரே இத்தகைய விளைவைத் தருமாயின், அனுமதியின்றி நிறுத்தும் காரைப் பற்றி என்ன சொல்வது?

நம் முன்னோர் காட்டிய நெறி

வாகனம் ஓட்டுவோனின் பொறுப்பு நம் இலக்கியத்திற்குப் புதிய செய்தியன்று. திருவாரூரில் மனுநீதிச் சோழனின் மகன் தேரேறி வீதியில் வருகிறான். துள்ளி ஓடிய ஆன்கன்று தேர்க்காலில் சிக்கி மாள்கிறது. இளவரசன் வேண்டுமென்று செய்ததன்று. உரிய பரிகாரம் செய்தால் போதும் என்று அமைச்சர்கள் எடுத்துரைக்கின்றனர். மன்னன் அதனை ஏற்கவில்லை. கன்றை இழந்த பசுவின் துயரமே அவன் கண்ணுக்குத் தெரிகிறது. சேக்கிழார் பெருமான் இவ்வரலாற்றைப் பெரிய புராணத்தின் தொடக்கத்திலேயே வைத்திருக்கிறார். வீதியில் செல்லும் வலியவன், அவ்வீதியில் உள்ள எளிய உயிருக்குப் பொறுப்பாளி என்பதே அதன் சாரம். தேருக்கும் கன்றுக்கும் உள்ள வேறுபாடுதான் இன்று காருக்கும் மிதிவண்டிக்கும் இருக்கிறது.

இன்னொரு சான்று அப்பர் பெருமான். அவர் கையில் ஏந்தியது உழவாரப்படை. ஆலயத் திருமுற்றத்திலும் அடியவர் நடக்கும் வழிகளிலும் மண்டிய புல்லையும் முள்ளையும் செதுக்கி அகற்றுவதையே அவர் தொண்டாகக் கொண்டார். ஒருவர் கால் வைக்கும் இடத்தைச் சீராக்குவது சிவத்தொண்டு என்றால், ஒருவர் செல்லும் இடத்தை அடைத்து வைப்பது எதில் சேரும்? இதற்கு விடை சொல்ல நூலறிவு வேண்டியதில்லை.

நம் நகரின் நிலை

சிங்கப்பூரில் சைக்கிளோட்டப் பாதைகள் பெரும்பாலும் சாலையை ஒட்டி, நடைபாதைக்கு அருகிலேயே அமைகின்றன. 2030-க்குள் தீவெங்கும் ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் பாதை அமைய வேண்டும் என்பது அரசாங்கத்தின் இலக்கு. ஆகவே இன்று பாதை இல்லாத ஆலய வாசலிலும் நாளை பாதை வரலாம்.

2025 ஜூலை 1 முதல் ஒரு புதிய விதியும் நடப்புக்கு வந்துள்ளது. சைக்கிளோட்டப் பாதைக்குப் பக்கத்தில் உள்ள, பாதசாரிகளுக்கு மட்டுமே உரிய நடைபாதையில் மிதிவண்டி ஓட்டக்கூடாது. முதியோரின் பாதுகாப்புக்கு இது நல்ல விதி. ஆனால் நாம் சைக்கிளோட்டப் பாதையை அடைத்துவிட்டால், சைக்கிளோட்டி இறங்கித் தள்ளிச் செல்ல வேண்டும், அல்லது விதியை மீற வேண்டும், அல்லது சாலையில் இறங்க வேண்டும். நம் வசதிக்காக மற்றொருவரைக் குற்றத்திற்கோ ஆபத்திற்கோ தள்ளுகிறோம்.

மறிப்பது கார் மட்டுமன்று. ஆலய வாசலில் பாதையின் குறுக்கே வரிசை பிடித்து நிற்கும் வாகனங்கள், வாழைமரமும் பூவும் இறக்கும் லாரி, அன்னதானப் பாத்திரங்கள் கொண்டுவரும் வேன், விழாப் பந்தலின் கால்கள், குவிந்து கிடக்கும் காலணிகள் ஆகிய யாவும் இதில் அடங்கும்.

சாலைக் கோடுகளைப் பற்றியும் ஒரு சொல். ஒற்றை மஞ்சள் கோடு இட்ட இடத்தில் ஞாயிறும் பொது விடுமுறையும் நீங்கலாக மற்ற நாள்களில் காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரை வாகனம் நிறுத்தக்கூடாது. இரட்டை மஞ்சள் கோடு என்றால் எந்நேரமும் நிறுத்தக்கூடாது. வளைந்து நெளிந்து செல்லும் ஒற்றை மஞ்சள் கோட்டில் ஆளை ஏற்றி இறக்கியவுடன் புறப்பட வேண்டும். அதுவே இரட்டையாக இருந்தால் ஒரு கணமும் நிற்றல் ஆகாது. திருவிழா நாள் என்பதால் இக்கோடுகள் தாமாக அழிவதில்லை.

மலேசியாவிலும் நிலை இதுவே. சாலையில் பிறருக்கு இடையூறாக வாகனத்தை நிறுத்துவது 1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் 48-ஆம் பிரிவின்கீழ் குற்றமாகும். கோலாலம்பூர் நகர மையத்தில் 2018-இல் நீல வண்ணம் தீட்டி மிதிவண்டித் தடங்கள் ஒதுக்கப்பட்டபோது, அவற்றின் மீது கார்கள் நின்றது பெருங்குறையாகப் பேசப்பட்டது. பாதை போடுவது நகரத்தின் கடமை. பாதையைப் பாதையாக விட்டுவைப்பது மக்களின் கடமை.

ஒன்றை நாம் மறத்தலாகாது. தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் ஆலயத்திலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி ஆலயம் வரை மூன்று கிலோமீட்டருக்கும் மேலாகக் காவடிகள் செல்கின்றன. அவற்றுக்கென்று சாலையில் தடம் ஒதுக்கப்படுகிறது. பல இன, பல சமய மக்கள் சுற்றுவழியில் சென்று நமக்கு வழிவிடுகின்றனர். ஆண்டுக்கு ஒரு நாள் நமக்காக விலகி நிற்பவர்களுக்கு, மற்ற நாள்களில் நாம் விலகி நிற்பதே நன்றியறிதல்.

செய்யத்தக்கவை

முதியோரையும் உடல் நலிந்தோரையும் என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. அவர்களை ஆலய வாசலில் இறக்கிவிடத்தான் வேண்டும். இறக்கிவிட்ட பின் காரை அங்கேயே விட்டுச் செல்வதுதான் தவறு. இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

பக்தர்களுக்கு:

1. பெருவிரைவு ரயிலில் வரலாம். 2003-இல் திறக்கப்பட்ட ஃபேரர் பார்க் நிலையம் பெருமாள் ஆலயத்திற்கு அருகில் உள்ளது. டேங்க் ரோடு ஆலயத்திற்கு ஃபோர்ட் கெனிங் நிலையமும், சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் ஆலயத்திற்கு மேக்ஸ்வெல் நிலையமும் நடை தூரத்தில் உள்ளன. பத்துமலைக்கு 2010 முதல் கேடிஎம் கொம்யூட்டர் ரயில் செல்கிறது.

2. காரில் வந்தே ஆக வேண்டுமாயின், அடுத்த புளோக்கின் கார்நிறுத்தத்தில் விட்டுவிட்டு ஐந்து நிமிடம் நடந்து வாருங்கள். ஆலயத்தை நோக்கி நடக்கும் நடையும் ஒரு வலமே.

3. காரிலிருந்து இறங்குகையில், கதவுக்கு அப்பால் உள்ள கையால் கதவைத் திறவுங்கள். வலப்பக்கம் அமர்ந்தவர் இடக்கையால் திறந்தால் உடல் தானே திரும்பும். பின்னால் வருபவர் கண்ணில் படுவார்.

நிர்வாகத்தினருக்கு:

4. விழா அழைப்பிதழில் பூசை நேரத்துடன், அருகிலுள்ள ரயில் நிலையம், பேருந்து எண், கார்நிறுத்தம் ஆகியவற்றையும் அச்சிடுங்கள்.

5. இறக்கிவிடும் இடம் ஒன்றைக் குறித்து, சக்கர நாற்காலியுடன் இரு தொண்டூழியர்களை அங்கே நிறுத்துங்கள். கூடுதல் வாகனங்கள் வரும் நாள்களில் காவல்துறையிடமும் நிலப் போக்குவரத்து ஆணையத்திடமும் முன்கூட்டியே கலந்து பேசுங்கள்.

உபயதாரர்களுக்கு:

6. அபிஷேக உபயம், அன்னதான உபயம் என்று அள்ளித் தருகிறீர்கள். விழா நாளில் ரயில் நிலையத்திலிருந்து முதியோரை அழைத்துவரும் ஒரு சிற்றுந்தும் உபயமாகலாம். மிதிவண்டியில் வரும் தொழிலாளர்களும் மாணவர்களும் வண்டியைப் பூட்டி வைக்க ஓர் இடம் அமைத்துத் தருவதும் உபயமே. கல்வெட்டில் பெயர் பொறிக்கும் அளவுக்கு இவை பெரியவை அல்ல என எண்ண வேண்டாம். ஓர் உயிர் காக்கப்பட்டால் அதனினும் பெரிய திருப்பணி எது?

சிந்தனைக்கு

உங்கள் ஆலயத்தின் வாசலில் சென்ற திருவிழாவின்போது எந்த வழி அடைபட்டிருந்தது? அவ்வழியே வழக்கமாகச் செல்பவர் யார்? அவர் அன்று எங்கே சென்றிருப்பார்? இம்மூன்று கேள்விகளையும் அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் எழுப்புங்கள்.

சைக்கிளோட்டி எந்தச் சமயத்தைச் சேர்ந்தவராகவும் இருக்கலாம். நம் ஆலயத்தின் பெயர்கூட அவருக்குத் தெரியாதிருக்கலாம். ஆனால் அவ்வழியே கடந்து செல்லும் ஒவ்வொரு நாளும், நம்மைப் பற்றியும் நம் சமயத்தைப் பற்றியும் அவர் ஒரு கருத்தை உருவாக்கிக்கொள்கிறார். அக்கருத்து நல்லதாக அமைவது நம் கையில் இருக்கிறது. கருவறை முன் கூப்பும் கரங்கள், வீதியில் பிறருக்கு வழிவிடும் கரங்களாகவும் விளங்க எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக.